ஊசியா, சொட்டா?

சொட்டு டாக்டரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஊசி டாக்டர் அவரை "அண்ணா" என்று கூப்பிடவில்லை. "சார்" என்றுதான் கூப்பிட்டார்.

"சார், என் கழுதைகிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

கால்நடை ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியும் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார் சொட்டு டாக்டர். பேன்ட் முழுக்க வைக்கோல். சட்டைக் கையில் ஈரம்.

"சும்மா எட்டிப் பார்த்தேன் தம்பி."

"எட்டிப் பார்த்தா முட்டியில வைக்கோல் ஒட்டுமா?"

பெரியவர் குனிந்து வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"முடிவு வந்ததும் பேசிக்கலாம்ப்பா" என்று நடந்துவிட்டார்.

இருவரும் கழுதைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவர்கள். மருந்து ஒன்றுதான், நரம்பில் ஏற்றும் விதத்தில்தான் தகராறு. கழுதை அசையப் பார்க்கும்போதெல்லாம் இளையவர் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். மூத்தவர் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஆபரேஷன் முடியும்வரை சொட்டுச் சொட்டாக இறக்குவார். பெயர்கள் அப்படி வந்தவைதான்.

"ஊசின்னா மரத்தடியிலகூட ஆபரேஷன் பண்ணலாம்ணா. உங்க பாட்டிலை எந்தக் கிளையில மாட்டுறது?"

"மாட்டுறது இருக்கட்டும். முழிக்கும்போது உன் கழுதை குடிகாரன் மாதிரி எழுந்து சுவத்துல முட்டுதே, அதுக்கு என்ன சொல்றே?"

கேலியும் கிண்டலுமாக ஓடிக்கொண்டிருந்ததைச் சோதனையாக மாற்றியவர் தலைமை டாக்டர். பாதிக் கழுதைகளுக்கு ஊசி, பாதிக்குச் சொட்டு. எந்த முறையில் கழுதைகள் தடுமாறாமல் எழுகின்றனவோ, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அந்த முறைதான்.

மதிப்பெண் போடுகிற வேலை வார்டு அக்காவுக்கு. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் போட வேண்டும். எதற்கு எந்த முறை என்று மட்டும் அவருக்குச் சொல்லக் கூடாது. டாக்டர்கள் இருவரும், அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று தங்களுக்குள் கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஊசி டாக்டர் பேச்சு மாறவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் நேராக கேன்டீனுக்குப் போய்விடுவார். அன்று சோதனையின் கடைசிக் கழுதை. மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடிக்காக இவர் திரும்பி வந்ததால்தான் பெரியவர் மாட்டிக்கொண்டார்.

கேன்டீனில் ஊசி டாக்டர் வாய் சும்மா இருக்கவில்லை.

"அரை மயக்கத்துல கிடக்கிற கழுதையை ஒரு தட்டுத் தட்டினா போதும். மிரண்டு எழுந்து தொப்புன்னு விழும். என் மதிப்பெண் காலி!"

"அவரா? இருக்காதுப்பா" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"தலை நரைச்சவங்களுக்குத் தோல்வி தாங்காதுங்க. அதுவும் நேத்து வந்தவன்கிட்ட."

அதோடு விடவில்லை. தலைமை டாக்டரிடமும் போய்ச் சொன்னார்.

"நாளைக்குக் கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றார் அவர்.

நாளைக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. விடியற்காலையில் பல் துலக்கப் போன சொட்டு டாக்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான்.

ஊசி டாக்டரும் மாலையோடு போனார். போட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எதிரே வந்த கேன்டீன்காரர் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தலைமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"உன் ஊசிதான்யா ஜெயிச்சிருக்கு. ஒரு கழுதைகூட கீழே விழலை. பாவம், அந்த மனுஷன் என்னென்னமோ பண்ணியும்…"

ஊசி டாக்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கழுதைகூட விழவில்லையா? ஊசி போட்ட கழுதைகள் விழும் என்பது அவருக்கே தெரியுமே!

வார்டு அக்காவைத் தேடிப் போனார்.

"அக்கா, சொட்டு டாக்டர் உள்ளே வருவாரா?"

"வருவாரே. சில கழுதைக்கு வருவார், சிலதுக்கு வரமாட்டார். அதுவும் உங்க சோதனைதான்னு நான் நினைச்சேன். எதுக்கு ஊசி, எதுக்குச் சொட்டுன்னு எனக்கு எங்கே சொன்னீங்க?"

"வந்து என்ன பண்ணுவார்?"

"கழுதைத் தலையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அது முண்டினா, கழுத்தை அமுக்கி, காதைத் தடவி, 'இருடா, இருடா, என்ன அவசரம்'பார். எச்சில் எல்லாம் சட்டையில வழியும். நல்லாத் தெளிஞ்சப்புறம்தான் விடுவார். அதுவும் ராஜா மாதிரி எழுந்து நிக்கும். நான் முழு மதிப்பெண் போட்டுடுவேன்."

ஊசி டாக்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏன்னு நீங்க கேக்கலையா அக்கா?"

"கேக்காம இருப்பேனா? 'போட்டி எங்க ரெண்டு பேருக்குள்ளதானே அக்கா, இது எதுக்கு மண்டையை இடிச்சுக்கணும்?'னார்."

ஊசி டாக்டர் மறுபடியும் தலைமை டாக்டர் அறைக்குப் போனார்.

"இந்த முடிவு செல்லாது சார். ஊசி ஜெயிக்கலை."

"பின்னே, சொட்டா?"

"ஜெயிச்சிருக்கும் சார். அண்ணன்தான் விடலை."

நடந்ததையெல்லாம் சொன்னார். கேன்டீனில் தான் பேசியதையும் சேர்த்தே சொன்னார். பிறகு மயக்கம் தெளியும் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

பெரியவர் போனதிலிருந்து ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை; கடைசிக் கழுதை எழுந்து போனபடியே கிடந்தது அறை. வைக்கோல் திணித்த மெத்தையில் நீளமாக ஒரு பள்ளம், கழுதை படுத்த இடம்.

அதன் தலைமாட்டில் இன்னொரு பள்ளம் இருந்தது. சின்னது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு.