ஒரே மடிப் பால்

"பையனுக்குக் காய்ச்சாத பால் ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க அக்கா பண்ணை ஆட்டுப் பால்தான் குடுக்கறோம்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆறு வயது மகன் கிடந்தான். வெறும் வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தார்கள். பிறகு அதில் ரத்தம் வந்தது. இப்போது சிறுநீரே நின்றுவிட்டது. ஓர் இயந்திரம் அவன் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

தங்கையின் கையைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆட்டுப் பண்ணையும் அதன் பால் கடையும் அவளுடையவை. செய்தி கேட்டதும் போட்டது போட்டபடி கொட்டிலிலிருந்து ஓடி வந்தவள். செருப்பின் ஓரத்தில் புழுக்கை இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆட்டுக் குடல்ல இருக்கிற கிருமி இது. ஆட்டை ஒண்ணும் செய்யாது. புழுக்கையிலேர்ந்து மடிக்கு வரும், மடியிலேர்ந்து பாலுக்கு. சின்னப் பிள்ளைங்கன்னா கிட்னியிலேயே கை வச்சிடும். இந்த வாரத்துல இவன் மூணாவது பிள்ளை" என்றார் டாக்டர்.

"எங்க அக்காவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது டாக்டர்!" தங்கை பொரிந்தாள். "காய்ச்சணுமாக்கான்னு முதல் நாளே கடையில வச்சுக் கேட்டேன். காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும்னு அவ வாயாலேயே சொன்னா. அவ பொண்ணும் இவனும் குடிக்கிறது ஒரே மடிப் பால். பால்ல கோளாறுன்னா முதல்ல அவ பொண்ணுல்ல படுத்திருக்கணும்?"

அன்றைக்குக் கடையில் பாலுக்காக நாலு பேர் நின்றுகொண்டிருந்தது அக்காவின் நினைவுக்கு வந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு நல்லா இருக்காளா?"

அக்கா தலையாட்டினாள். அது பொய் இல்லை.

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அப்படியானால் முதலில் பள்ளிக்கூடத்துத் தண்ணீரைப் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தங்கை அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதேக்கா."

அதற்குப் பதில் தங்கை தன்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். இருமினாள். மறுபடி வாயெடுத்தபோது கைப்பேசி அடித்தது.

வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்த மகள்.

"அம்மா, ரொம்பப் பசிக்குது. நீ இல்லாதப்போ அடுப்பைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கே. இன்னைக்கு மட்டும் பாலை அப்படியே குடிச்சிடட்டா?"

"ஏய், காய்ச்சாம வாயில வைக்காதேடீ!"

நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை தோளிலிருந்து தலையை எடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, டாக்டர் போன பக்கமாக ஓடினாள்.