பதினொரு பிஸ்கட் கவர்கள்

துவைக்கலாம் என்று பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் அம்மா. பென்சில் விழுந்தது, ரப்பர் விழுந்தது. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் பிஸ்கட் கவர்களாகக் கொட்டின. எல்லாம் காலி. எண்ணினாள். பதினொன்று.

“என்னங்க! இங்க வாங்க!”

பாதி சவரம் செய்த முகத்தோடு அப்பா ஓடி வந்தார்.

“உங்க பொண்ணு செஞ்சிருக்கிற காரியத்தைப் பாருங்க.”

தும்பிக்கு ஆறு வயது. தலையில் நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக முடி கொட்ட ஆரம்பித்து, ஆறே வாரத்தில் பாதித் தலை வெறுமையாகிவிட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்த டாக்டர், கோதுமையில் இருக்கும் குளூட்டன் இவள் குடலுக்கு ஆகாது, இனி ஒரு துணுக்குகூடக் கூடாது என்றார். முடி கொட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொன்னார்.

“அவ மட்டும் ஏன் வாயைக் கட்டணும்? இந்த வீட்டுல இனிமே யாருமே தொடக்கூடாது” என்று அன்றே சட்டம் போட்டாள் அம்மா. அதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். தும்பி ஒரு பூ வரைந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அந்தத் தாளைப் படித்தாக வேண்டும்.

“ஆறு மாசமா நாங்க நாக்கைக் கட்டிக்கிட்டு இருக்கோம். நீ திருட்டுத்தனமா தின்னுட்டு இருக்கியா? எங்கேர்ந்துடி கிடைச்சுது?”

தும்பி வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதிலும் சொல்லிவிட்டாள். “ஸ்கூல்ல யாரோ குடுத்திருக்காங்க!”

“நான் திங்கலம்மா.”

“அப்போ கவரெல்லாம் பைக்குள்ள தானா முளைச்சுதா?”

தும்பி தலையைக் குனிந்துகொண்டாள். தன் தையல் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் அம்மா அவளுக்கு ஏழு தொப்பிகள் தைத்திருந்தாள், நாளுக்கு ஒன்று. இன்றையது முயல் காது வைத்தது. அவள் குனிந்ததும் காதுகளும் குனிந்தன.

ஆறு கவர் உப்பு பிஸ்கட், ஐந்து கவர் கிரீம் பிஸ்கட். அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார், சுட்டதுபோல் கீழே போட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரே வருகிற லாரியை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துப் பிரேக் மிதித்துவிடுவார்.

“விடேன். சின்னப் பிள்ளை, ஏதோ ஆசை. குடு, நான் வெளியில போட்டுட்டு வரேன்.”

“இப்படிச் செல்லம் குடுத்துத்தான் இந்த லட்சணம்! ரெட்டை ஜடை போடணும்னு தினமும் அழறது யாரு? ரிப்பனை வாங்கி பென்சில் டப்பாவுல வச்சிருக்கறது யாரு? சொல்லுடி, முடி வேணுமா, பிஸ்கட் வேணுமா?”

“முடி” என்றாள் தும்பி.

“சாயந்திரம் டாக்டர்கிட்ட போறோம். போன வாரம் எடுத்த ரத்தம் எல்லாத்தையும் சொல்லிடும்.”

பதினொரு கவர்களும் சாட்சிக்குக் கூடவே கிளம்பின.

டாக்டர் முயல் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார்.

“பிரமாதம்! ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு. இங்க பாருங்க, பூனைமுடி மாதிரி கிளம்பி வருது. கோதுமையை விட்டதாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா விட்டது விட்டதாவே இருக்கட்டும்.”

நிம்மதியில் அப்பாவுக்குக் கிண்டலே வந்துவிட்டது. தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “நானும் அதே பத்தியம்தான் டாக்டர், ஆறு மாசமா. எனக்கு மட்டும் ஒண்ணுகூட முளைக்கலையே?”

“வீட்டோட விட்டுட்டீங்களா? நான் அவளுக்கு மட்டும்தானே சொன்னேன்!”

“பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா டாக்டர்?” என்ற அம்மா, கவர்களை மேஜைமேல் கொட்டினாள். “ஆனா இவ பண்ணின வேலையைப் பாருங்க!”

டாக்டர் ஒரு கவரைப் புரட்டிப் பார்த்தார்.

“இத்தனையும் இவ தின்னிருந்தா ரிப்போர்ட் இப்படி வந்திருக்காதும்மா. இந்தப் பிள்ளை வாயில வைக்கல.”

அம்மாவின் கண் கிரீம் பிஸ்கட் கவர்மேல் போய் நின்றது. அப்பா சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

“அப்போ இதெல்லாம் யாரோடதுடா கண்ணு?” என்று கேட்டார் டாக்டர்.

தும்பி நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேஜையைச் சுற்றிப் போய், டாக்டரின் காதருகே கையைக் குவித்தாள். ரகசியம் பேசிப் பழகாத குரல். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“உப்பு பிஸ்கட் அப்பாவோடது. கார் சீட்டுக்கு அடியில வச்சிருப்பாரு. கிரீம் பிஸ்கட் அம்மாவோடது. தையல் மெஷின் டிராயர்ல இருக்கும். அப்பாவோடதை அம்மா பாத்தா சண்டை வரும். அம்மாவோடதை அப்பா பாத்தாலும் சண்டை வரும். அதான் காலிக் கவரையெல்லாம் எடுத்துட்டுப் போய் ஸ்கூல் குப்பைத்தொட்டியில போட்டுடுவேன். இந்த வாரம் ஸ்கூல் லீவு.”

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “நீ ஒண்ணே ஒண்ணுகூட எடுத்துக்கலையா?”

“ஜடை போடணும்ல?”

தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவள், ஏதோ ஞாபகம் வந்து மறுபடியும் அந்தக் காதுக்கே ஓடினாள்.

“அப்பாவுக்கு ஏன் முடி முளைக்கலன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். பாவம், வருத்தப்படுவாரு.”