ஒரு சொட்டு ஈரம்

"பாம்பு தொலைஞ்சு ஆறு நாளாச்சு. நீ இன்னும் பாசியைப் பிழிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க!"

ஹூக்ஸ்ட்ரா மேஜையைத் தட்டிய தட்டில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின.

டச்சு நகரமான தேவென்டரின் ஒரு பழைய அடுக்குமாடியில், குடியிருப்போர் கூட்டம் கீழே சைக்கிள் அறையில் நடந்துகொண்டிருந்தது. டவுன் பஸ் ஓட்டும் லோனெகே, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். மடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே ஈரப் பாசி.

"இதே மாதிரி படிக்கட்டுல ஆறு இடத்துல வெச்சிருக்கேன். என் பாம்பு ட்ரூஸுக்கு இது தோல் உரிக்கிற நேரம். ஹீட்டர் ஓடி ஓடி எல்லா வீடும் காஞ்சு கிடக்கு. ஈரமா ஒரு மறைவிடம் கண்டா தானா வந்து புகுந்துக்கும்."

"வரலைன்னா?" என்றாள் சங்கத் தலைவி ரீட்.

லோனெகேயின் குரல் இறங்கியது. "போன தடவை கண்ணு மேல தோல் ஒட்டிக்கிச்சு. டாக்டர்தான் எடுத்தார். மறுபடி ஒட்டினா பார்வையே போயிரும்னார்."

"பாம்போட பார்வை கிடக்கட்டும். எங்க தூக்கம் போச்சே!" பக்கத்து வீட்டு ஹூக்ஸ்ட்ரா ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். "மனு! வெள்ளிக்கிழமைக்குள்ள பாம்பு கிடைக்கலைன்னா இந்தம்மா வீட்டைக் காலி பண்ணணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

தலைகள் ஆடின. ஒருவர்கூட லோனெகேயின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹூக்ஸ்ட்ரா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குறிப்பேட்டைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"எவ்வளவு ஈரம்?"

"மனுவுல இதெல்லாம் எதுக்கு சார்?"

"ஆதாரம் வேணாமா? சொல்லும்மா."

"பாசியைப் பிழிஞ்சா ஒரு சொட்டு விழணும். ரெண்டாவது சொட்டு விழக் கூடாது."

"ஓட்டை?"

"உடம்பைவிடக் கொஞ்சம்தான் பெருசு. இறுக்கமா இருந்தாத்தான் அதுக்குப் பயம் தெளியும்."

"டப்பா எங்க இருக்கணும்?"

"கதகதப்பான பக்கம். வெந்நீர்க் குழாய் ஓரம்னா ரொம்ப நல்லது."

"வயசு?"

"பிறந்தது ரெண்டாயிரத்துப் பத்தொன்பது, ஜூன் பதினொன்னு."

"பாம்புக்குப் பிறந்தநாளா!" ஹூக்ஸ்ட்ரா அறையைச் சுற்றிப் பார்த்தார். "உன் வீட்டுக் கழிப்பறைக் காலண்டர்ல எழுதித் தொங்க விட்டிருக்கியோ?"

கூட்டம் சிரித்து உருண்டது. வேண்டியவர்களின் பிறந்தநாளை எழுதி வைக்கும் அந்தக் காலண்டர் அந்த நாட்டில் எல்லோர் வீட்டுக் கழிப்பறையிலும் தொங்கும். அதில் ஒரு பாம்பின் பெயரா?

"ஆமா, எழுதியிருக்கேன்" என்றாள் லோனெகே, விறைப்பாக. "எங்க வீட்டுக்கு வேண்டிய ஆளு அது."

"ட்ரூஸாம் ட்ரூஸ்! செத்துப்போன எங்க அத்தை பேரு!" என்று ஹூக்ஸ்ட்ரா குறிப்பேட்டை மூடினார்.

வெள்ளிக்கிழமை மாலை லோனெகே வேலையிலிருந்து நேரே படிக்கட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். ஆறும் காலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹூக்ஸ்ட்ராவின் அழைப்புமணியை அழுத்தினாள்.

அவர் உள்ளே கூப்பிட்டு, காப்பி ஊற்றி, ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து, டின்னை மூடினார்.

"சார், ஒரு வாரம் மட்டும் தவணை குடுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

"ஒரு வாரம் எதுக்கு? ஒரு மாசமே எடுத்துக்க."

லோனெகே நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு மாசமா?"

"ரெண்டு மாசம்கூட ஆகட்டும். அவசரமே இல்லை. மெதுவாத் தேடு. மனு எங்க போயிரப் போகுது? இதோ, என்கிட்டயேதான் இருக்கு."

அன்றைக்கு மேஜையைத் தட்டிய மனுஷனா இவர்? அவளுக்குப் பிடிபடவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள். காலையிலிருந்து பஸ் ஓட்டியவள். "கழிப்பறைக்கு ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்."

ஹூக்ஸ்ட்ராவின் காப்பி சட்டையில் கொட்டியது. "அது... அது ரிப்பேர்! குழாய் உடைஞ்சிருக்கு!"

"நான் மணி அடிச்சப்பதானே போயிட்டு வந்தீங்க? தண்ணி ஓடின சத்தம் கேட்டுதே."

"உனக்குச் சரிப்படாது!"

"எட்டு மணி நேரம் ஸ்டீயரிங் பிடிச்சவளுக்கு எல்லாம் சரிப்படும் சார்" என்று லோனெகே உள்ளே போய்த் தாழிட்டாள்.

வெளியே காலடிகள் ஓடி வந்து கதவருகே நின்றன.

"ஏம்மா... காலண்டரைப் பார்க்காதே."

அவள் பார்த்தாள். பழைய மையில் சில பெயர்கள். அவற்றின் நடுவே, ஜூன் பதினொன்றில், புது நீல மையில் 'ட்ரூஸ், 2019' என்று எழுதியிருந்தது.

"அது எங்க அத்தை!" என்றது கதவுக்கு அப்பாலிருந்து குரல், அவள் வாயே திறக்காதபோது.

"உங்க அத்தை ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுலயா சார் பிறந்தாங்க?"

வெளியே காலடிகள் ஒரு எட்டு பின்வாங்கின.

"மனுவைக் கொண்டு வாங்க" என்றாள் லோனெகே. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கிழிக்கிற சத்தம் எனக்கு இங்க கேட்கணும்."

கதவுக்கு அப்பால் தாள் கிழிந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து பார்த்துக்கட்டுமாம்மா?" என்றது குரல்.

லோனெகே குனிந்தாள். வெந்நீர்க் குழாய் ஓரமாக ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதன் மேல், இரண்டு கண்களின் மேலிருந்த தோலும் சேர்ந்தே உரிந்து வந்த, எங்கும் கிழியாத ஒரு முழுத் தோல். ஓட்டையில் பளிச்சென்று இரண்டு கண்கள். மூடியைத் திறந்து பாசியை எடுத்துப் பிழிந்தாள்.

ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவது விழவில்லை.