சுமைக்கு வழி

இன்று கயிறு இல்லை.

கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டி, மகள் ஈரத்துணி காயப்போட்டிருந்தாள். அவர் அதன் கீழே போய் நின்றார்.

"நடக்கப் போறதுக்கு கயிறு எதுக்குப்பா?" என்றாள் ஜெபசீலி, துணியை உதறியபடி. "நீங்க கொண்டாந்த வெறகெல்லாம் கரையான் தின்னுட்டு கெடக்கு. நமக்கு கேஸ் அடுப்பு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் சொன்ன நடை. வீட்டுக்குப் பின்னால் தேக்கங்காட்டில் ஏறி, ஆற்றுக்கு இறங்கி, கரையோடு போய், ஓடையைத் தாண்டி, வாழைத்தோட்டம் வழியாக மறுபடி வீடு. ஒரு முழு வட்டம்.

பக்கத்து வீட்டு ஞானசிகாமணிக்கும் சர்க்கரை. அவரும் அதே நேரத்தில் கிளம்பி அதே வட்டத்தைத்தான் நடக்கிறார்.

எதிர்ப்பக்கமாக.

அதனால் தினமும் ஓடையில் சந்திக்க வேண்டியிருந்தது. ஓடையின் குறுக்கே ஒற்றைத் தென்னந்தடி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம்.

முதலில் ஏறியவருக்கு வழி. ஆனால் எதிரே சுமையோடு யாராவது வந்தால், வெறுங்கையோடு வருகிறவர் மாற வேண்டும். பாதித் தடி வந்திருந்தாலும் பின்னால் நடந்து, சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். இந்த ஊரில் இதை யாரும் மீறியதில்லை.

அதற்காகத்தான் விறகு.

காட்டில் சுள்ளி பொறுக்கிக் கட்டுவார். தலையில் ஏற்றுவார். தடியில் ஞானசிகாமணி பின்வாங்குவதைப் பார்ப்பார். கணுக்கால்வரை சேறு. குனிந்த தலை. அவர் மெதுவாகக் கடப்பார். சில நாட்களில் தடியின் நடுவே நின்று, கட்டைச் சரிசெய்வதுபோல் இன்னும் கொஞ்சம் நிற்பார்.

நாள் முழுவதிலும் அந்த நேரத்தில் மட்டும்தான் மூச்சு சீராக வந்தது.

அந்த நாளில் ஜெபசீலியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்க நின்றது ஞானசிகாமணியின் வாசலில்.

"நல்ல புள்ள. சின்னதுல ஒரு மட்டம் வலிப்பு வந்தது. அவ்வளவுதான்" என்றாராம் ஞானசிகாமணி.

அவர்கள் அடுத்த வாசலுக்கு வரவில்லை. இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகளை ஜெபசீலியின் அப்பாவே மடக்கி வைத்தார். அந்தப் பேச்சு பிறகு வரன் தேடிப் போன எல்லா ஊருக்கும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஜெபசீலியின் வகிட்டில் இப்போது நரை.

காய்ச்சலில் வந்த வலிப்பு. ஒரே ஒரு முறை.

அது ஞானசிகாமணிக்குத் தெரியும். அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே தடியில் ஓடியவரே ஞானசிகாமணிதான். எதிரே வந்த எல்லோரும் மாறி நின்றார்கள்.

காட்டில் சுள்ளியை அள்ளி அணைத்துப் பார்த்தார். கயிறில்லாமல் ஒவ்வொன்றாகச் சரிந்தது. விட்டுவிட்டார்.

ஆற்றங்கரையில் ஒரு கல்லைத் தூக்கினார். உருண்டை, பாசி வழுக்கியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நீர்மருத நிழலில் வேகமாக நடந்தார். கடைசி வளைவில் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது.

இறக்கி வைத்தார்.

நிமிர்ந்தபோது ஞானசிகாமணி தடியின் பாதியில் இருந்தார்.

இன்று மாற வேண்டியது இவர்தான். கையில் ஒன்றுமில்லை. அதை ஞானசிகாமணியும் பார்த்துவிட்டார்.

பார்த்துவிட்டு, வழக்கம்போல் காலைப் பின்னால் வைத்தார். தடவித் தடவி இன்னொரு கால். சேற்றில் இறங்கினார்.

"கெட்டு இல்லேன்னா என்ன ஓய். எப்பவும் நாந்தான மாறணும். நீரு வாரும்."

அப்படியானால் ஒரு நாளும் அது விறகுக்காக இல்லை. அந்தச் சேற்றில் ஞானசிகாமணி தானாகத்தான் இறங்கியிருக்கிறார். இறங்கி, நின்று, காலைக் கழுவிக்கொண்டு, கொஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போயிருக்கிறார். தினமும்.

சுமந்தது இவர். இறக்கி வைத்தது அவர்.

இவர் தடியில் கால் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். தன் பக்கத்துச் சேற்றில் இறங்கினார். நினைத்ததைவிடக் குளிர்ந்தது.

கையை நீட்டி, வா என்று காட்டினார்.

ஞானசிகாமணி அசையவில்லை. "வேண்டாம் ஓய்" என்றார். குரல் மாறியிருந்தது.

புல்லுக்கட்டோடு ரோசம்மாள் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"எனக்க கெட்டுக்கா ரெண்டு பேரும் மாறி நிக்கிய? ராஜமரியாதைதான், போங்க!"

கடந்து போனாள். தடி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

அவர் கையை இன்னும் மடக்கவில்லை.

ஞானசிகாமணி ஏறினார். ஓர் அடி. இன்னோர் அடி. பின்னால் நடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளலாம். முன்னால் வரும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது.

பாதியில் நின்றுவிட்டார். வரவும் முடியவில்லை. போகவும் முடியவில்லை.

சேற்றில் நின்றவர் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாளைக்கும் வருவார். வெறுங்கையோடு, கொஞ்சம் முன்னதாக, இதே சேற்றுக்கு.

கயிறு கொடியாகவே இருக்கட்டும்.