எச்சில் பரிசோதனை

செய்முறைத் தேர்வில் எங்களுக்கு வந்தது எச்சில் பரிசோதனை. அரிசிக் கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலமாகும். எச்சிலைக் கலந்தால் அதிலிருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, நீலத்தையே அழித்துவிடும். எங்கள் வீட்டில் இதை யாரும் படித்ததில்லை. எல்லார் வாயிலும் இது இருந்திருக்கிறது. என் சோதனைக் குழாய் ஐந்தே நிமிடத்தில் வெளுத்தது. எச்சிலைக் கேவலமாகப் பேசுகிறார்களே, அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

பக்கத்தில் நின்ற வசுமதியின் குழாய் நீலமாகவே இருந்தது. இளஞ்சூட்டில் வைக்கவேண்டிய எச்சிலைத் தவறிக் கொதிக்கிற தண்ணீரில் வைத்து நொதியைக் கொன்றுவிட்டாள். மறுபடி துப்பலாமென்றால் பயத்தில் வாய் காய்ந்துவிட்டது. தேர்வாளர் இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார்.

"செல்வராணி, உன்னோடதைக் குடேன்."

"எதை?"

"அதான்டி... எச்சில்."

"மூணு வருஷமா நான் வாய் வெச்ச பாட்டிலைத் தொடமாட்டே. இப்ப மட்டும்?"

"ஃபெயில் ஆயிடுவேன்டி."

புதுக் கஞ்சியில் அயோடின் விட்டுக் குழாயை நீட்டினாள். துப்பினேன். உடம்புச் சூடு போதுமென்று நான் சொன்னதும், அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். கருநீலம் மேலிருந்து மெல்ல வெளுக்கத் தொடங்கியது.