சிவப்புப் பொட்டு இல்லாத மான்

வில்லுக்குப் புதியவனான மாசாணம், கொல்லையில் ஒரு வைக்கோல் மானை நிறுத்தி அதன் விலாவில் சிவப்புப் பொட்டு வைத்தான். ஒரு மாதமாக அந்தப் பொட்டிலேயே குத்திக் குத்தி, அவனுடைய அம்புக்குத் தலைகால் புரியாத பெருமை.

மாசாணமும் அம்பும் முதல் வேட்டைக்குப் போனார்கள். ஓடைக்கரையில் ஒரு மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னால் மாசாணம் நாணை இழுத்தான். நாணில் இருந்த அம்பு மானின் விலாவை மேலும் கீழும் பார்த்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்!

"ஏம்பா, உன் சிவப்புப் பொட்டு எங்கே?" என்று கேட்டேவிட்டது.

மான் தலையைத் தூக்கியது. "எந்தப் பொட்டு?"

"நான் வந்து குத்த வேண்டிய பொட்டுதான்."

மான் தன் விலாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. "அப்படி எதுவும் இல்லையே. எதற்கும் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன். நீ இங்கேயே இரு."

ஒரே பாய்ச்சல்!

பொழுது சாயும்வரை இருவரும் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை அம்பு பறந்துபோய் வைக்கோல் மானின் பொட்டில் கச்சிதமாகக் குத்தி நின்றது.

"நேற்றுக் காட்டில் ஒன்றைப் பார்த்தேன்," என்றது அதனிடம். "அசப்பில் உன்னை மாதிரியே இருந்தது. ஆனால் மான் இல்லை."