பச்சை வளையம்

தொப்புள்கொடி ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்த நர்ஸ் ஸ்டெல்லா, பிள்ளையின் காலில் பச்சை வளையத்தை மாட்டினாள்.

"நோய் எதிர்ப்புச் செல்லு எக்கச்சக்கமா இருக்கு. இவ தெருப் புழுதியில புரண்டு வளரலாம்."

பொன்னரசி பிள்ளை பெற்ற அலுப்போடு கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் மூத்தவன் காலில் சிவப்பு வளையம்; எந்தக் கிருமியையும் தாங்காத உடம்பு. அவன் பிறந்ததிலிருந்து அவளும் இரட்டைக் கதவுக்குள், முகக்கவசத்துக்குள்தான் கிடக்கிறாள். வெளிக்காற்றில் வளரும் பச்சை வளையப் பிள்ளையைச் சிவப்பு வளைய வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது.

"இவளுக்கும் சிவப்புன்னா ரெண்டையும் நானே பாத்திருப்பேன்," என்றாள்.

பிள்ளையை எடுத்துப்போய் வளர்க்க வந்திருந்த நாத்தனார் கோமதி, சேனை வைக்கச் சீனித்தண்ணீர் கலக்கினாள். பிறந்ததும் நாக்கில் சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பொன்னரசி எழுந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"பெத்தவளே வைக்கக் கூடாதுட்டி."

"வேற எதை மதினி நான் குடுத்தனுப்ப?"

விரலை நனைத்து மகளின் நாக்கில் வைத்தாள். வருடக்கணக்காகக் கிருமிநாசினியில் ஊறிய விரல். சீனியை மீறிக் கசந்திருக்க வேண்டும். பிள்ளை முகத்தைச் சுளித்தது.